இடம் மாறாத கோடு

மண்ணரையில் விஜயராணி என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. செக்கிங் செல்லத்தாய் மகள் என்றால் வீடு வரை கூட்டிப்போவார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பள்ளி விடுமுறைதோறும் மகளும் தாயோடு நெருப்பெரிச்சலில் இருந்த நிட்டிங் கம்பெனியில், பின்னி வரும் துணியில் பழுது இருக்கிறதா என்று பார்த்தாள். பள்ளிப் பிள்ளையைப் பகல் முழுக்க நிற்க வைத்து வேலை வாங்குவதற்கு இங்கே பொறுப்பு பழக்குவது என்று பெயர்.

துணி பார்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பழுது அங்கங்கே சிதறி வந்தால் நூலில் கோளாறு. சுருள் முழுவதும் ஒரே இடத்தில் கோடு ஓடினால் மெஷினில் ஊசி கெட்டிருக்கிறது. அந்தத் துணியை யோசிக்காமல் கழிக்க வேண்டும்.

2006இல் அவள் கோவையில் அணுக்கரு இயற்பியல் ஆய்வு மாணவி. நியூட்ரான்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்த லேசான அணுக்கருக்கள், கிளர்ச்சி நிலையிலிருந்து இறங்கும்போது காமாக் கதிர் விடும். வெளிநாட்டு முடுக்கியில் பதிவான அந்தக் கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்து, எது எந்த நிலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அணுக்கரு பறந்துகொண்டே கதிர் விடுவதால், ஒவ்வொரு கோணத்திலுள்ள கருவியிலும் அந்தக் கதிரைக் காட்டும் கோடு கொஞ்சம் தள்ளி விழும். ஒரு கோடு மட்டும் எல்லாக் கருவியிலும் ஒரே இடத்தில் நின்றது. சுவரிலிருந்தோ கருவியிலிருந்தோ வந்ததாக இருக்கும் என்று விஜயராணி அதைக் கழித்துவிட்டாள்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத்தான் கல்யாணம் என்று அவள் சொல்லியிருந்தாள். தையைத் தாண்டினால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை முனீஸ், கட்டிங் மாஸ்டர். அவளுக்கும் பிடித்திருந்தது.

கார்த்திகையில், கடைசிப் படத்துக்காகத் தரவை அணுக்கரு வாரியாகப் பிரித்தாள். கழித்த கோடு ஒரே ஒரு வகை அணுக்கரு வந்தபோது மட்டும், அதுவும் சற்றுத் தாமதமாக, எழுந்தது. சுவர் ஆள் பார்த்துக் கதிர் விடாது. அந்த அணுக்கரு கிளர்ச்சியோடே பறந்து, பாதையின் முடிவிலுள்ள தடுப்புக் கட்டையில் முட்டி நின்ற பிறகு இறங்கியிருக்கிறது. அதனால்தான் கோடு நகரவில்லை. எந்த நிலையைத் தேடினாளோ, அதையே குப்பையில் போட்டிருந்தாள்.

பேராசிரியர் இளங்கோவிடம் போய்ச் சொன்னாள்.

"ஏம்மா, பைண்டிங்குக்குக் கொடுக்குற நேரத்துல இதென்ன? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க சார்."

"மறுபடி மொதல்ல இருந்து பாக்கோணும் கண்ணு. ஒரு வருசம் ஆயிருமே."

"ஆகட்டுங்க."

வீட்டில் செல்லத்தாய் விசாரித்தார். "என்னத்தா தப்பு பண்ணுன?"

"நல்ல துணியக் கழிச்சுப்புட்டேம்மா."

"கம்பெனின்னா அன்னைக்கே வெளிய போன்னுருவான். ஒங்க சாரு திரும்பப் பாக்கச் சொல்லி ஒரு வருசம் குடுக்காரா?"

"ஆமாம்மா."

"நல்ல கம்பெனியாத்தேன் இருக்கு."

விஜயராணி முனீஸுக்குப் போன் செய்தாள். "ஒரு வருசம் பொறுப்பீங்களா?"

"வீட்ல கேக்கணும்."

கேட்டான். வீட்டார் ஜோதிடரைக் கேட்டார்கள். ஆயுளில் ஒருநாளும் தொலைநோக்கியில் கண் வைக்காத அந்த மனிதர், அடுத்த தை ஆகாது என்று கிரகங்களின் சார்பில் தெரிவித்தார்.

முனீஸுக்கு அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. பெண் வேறு. பத்திரிகை வந்ததால் செல்லத்தாய் போய்வந்தார். விஜயராணி கணினியிலிருந்து தலையைத் திருப்பி, எப்படி நடந்தது என்று கேட்டாள்.

"சாப்பாடு நல்லாருந்துச்சு. பாயாசந்தேன் தண்ணி."