வீரம்மா பார்த்து எழுதிய தாள்

ஐம்பத்து நான்கு வயதுவரை, உனக்கு என்ன வேண்டும் என்று வீரம்மாவை யாரும் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கு அவள் பக்கத்தில் இருந்தவளின் தாளைப் பார்த்து எழுதினாள்.

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் பேரங்காடி ஒன்றில் அவளுக்குத் துப்புரவு வேலை. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். அம்மா விடியுமுன் பாலெடுக்க ரப்பர் மரம் சீவப் போய்விடுவாள், தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மலாய் வாய்க்கு வரும், கண்ணுக்கு வராது. தரை கழுவும் மருந்தையும் கண்ணாடி துடைக்கும் மருந்தையும் நிறம் பார்த்தே எடுப்பாள். யாராவது நிரப்பச் சொல்லிப் பாரத்தை நீட்டினால், மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வாள். அப்படி ஒரு கண்ணாடி அவளிடம் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை, அவர்களை வேலைக்கு வைத்திருந்த துப்புரவுக் குத்தகைக் கம்பெனி ஒரு மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்து வாழ்க்கைக் குறிக்கோள் பற்றி வகுப்பு நடத்தியது. பேச வந்தவள் கேரன் என்ற தமிழ் இளம்பெண். ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஐந்து வருஷத்தில் எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள், உங்களுக்கென்று வேண்டியதை மட்டும் எழுதுங்கள், மலாயோ தமிழோ எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றாள்.

தமிழில் எழுதலாம்தான். ஆனால் சுற்றிலும் முப்பது பேர் குனிந்து மலாயில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். தான் மட்டும் தமிழில் எழுதினால், இத்தனை வருஷம் மறைத்ததைத் தானே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். அதுவும் போக, எழுத என்ன இருக்கிறது? மகள் பிரமிளாவின் கல்யாணம் பிரமிளாவின் ஆசை. புருஷன் சீனிக்குச் சர்க்கரை இறங்க வேண்டும், அது சீனிக்கு. தனக்கு என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

பக்கத்து நாற்காலியில் புஷ்பலதா. எட்டு வருஷமாக ஒரே மாடியில் வேலை, ஒரே டப்பாவில் சாப்பாடு. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் படிவம் வரை முடித்தவள், மலாயில் உருண்டை உருண்டையாக எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாரையும் போல வீடோ நகையோதான் கேட்டிருப்பாள், நமக்கும் அதுவே இருக்கட்டும் என்று வீரம்மா அதை ஒவ்வொரு எழுத்தாக, கோலத்துக்கு இழை இழுப்பதுபோலத் தன் தாளில் இறக்கினாள்.

கேரன் தாள்களைச் சேர்த்து, நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். மேலே இருந்த பேரைப் பார்த்து, வீரம்மா அக்கா படிக்கிறீர்களா என்று கேட்டாள். அக்காவிடம் கண்ணாடி இல்லை. அப்படியானால் நானே படிக்கிறேன் என்று அவள் மலாயில் படிக்க ஆரம்பித்தாள்.

என் கணவர் இறந்துவிட்டார்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சீனியைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போகிற மனுஷன், எல்லோரையும் பேர் சொல்லி நலம் விசாரிப்பவர். கேரனுக்கு ஒன்றும் புரியவில்லை. கையமர்த்திவிட்டு மேலே படித்தாள். மகன் வீட்டில் இருக்கிறேன். சமைக்கும் நேரம் மட்டும் என்னைத் தேடுகிறார்கள். குளிர்பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கிறேன். ஐந்து வருஷத்துக்குள் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, அதன் சாவியை என் கையில் வைத்திருக்க வேண்டும்.

மேற்பார்வை பார்க்கும் விக்னேஸ்வரன்தான் முதலில் வாய் திறந்தான். "என்னாக்கா, சீனி அண்ணே காலையிலதான் உங்கள இறக்கி விட்டுட்டுப் போனாரு. அதுக்குள்ளயா?"

மறுபடி சிரிப்பு. வீரம்மாவுக்குக் காதுமடல் வரை கொதித்தது. கழுத்தில் தாலி கிடக்க, புருஷனைச் சாகடித்தவளாகி நிற்கிறோமே என்ற எண்ணம் மட்டும்தான் அப்போது இருந்தது. சும்மா நின்றிருந்தால் அது வெறும் கேலியாகக் கழிந்திருக்கும். அவள் சும்மா நிற்கவில்லை.

"இது என்னோடது இல்லம்மா. எனக்கு மலாய் எழுதத் தெரியாது. புஷ்பாவப் பாத்துத்தான் எழுதுனேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. தலைகள் புஷ்பலதா பக்கம் திரும்பின. பிறகு கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கேதான் கம்பெனி வேன் ஓட்டும் சுரேன் உட்கார்ந்திருந்தான், புஷ்பலதாவின் மகன். அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். எழுந்து வெளியே போனான்.

கைகழுவும் இடத்தில் வீரம்மா புஷ்பலதாவைப் பிடித்தாள். அவள் குழாயை மூடவில்லை.

"தெரியலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. எட்டு வருஷம் ஒரே டப்பாவுல தின்னோம்."

"வெக்கமா இருந்துச்சு புஷ்பா."

"உன் வெக்கத்த மறைக்க என் வீட்டத் தொறந்து போட்டுட்ட. நீ இப்போ உன் வீட்டுக்குப் போவ. நானும் அந்த வீட்டுக்குத்தான் போகணும்."

சாயங்காலம் கூட்டிப்போக வந்த சீனிக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். செத்தவன் ஓட்டுகிற மோட்டார், கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய், சமிக்ஞை விளக்கில் நின்றபோது, "சரி, எழுதத் தெரிஞ்சிருந்தா என்னா எழுதியிருப்ப?" என்று கேட்டார். இத்தனை வருஷமும் அவளுடைய பாரங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான். அவளும் சொல்லிக்கொடு என்று கேட்டதில்லை, அவரும் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டதில்லை.

வாரம் முழுக்கப் புஷ்பலதா தனியாகச் சாப்பிட்டாள். சுரேன் அம்மாவை வேனில் ஏற்றிவருவதை நிறுத்திவிட்டான். வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் கேள்வி. அவள் இரண்டு பஸ் மாறி வந்தாள். மன்னிப்புக் கேட்க வீரம்மா மூன்று முறை பக்கத்தில் போய், மூன்று முறையும் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கேட்டால் மட்டும் சொன்னது திரும்பவா போகிறது?

அடுத்த சனிக்கிழமை மறுபடி வகுப்பு, மறுபடி தாள். புஷ்பலதா ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, இடது கையைக் குவித்துத் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். வீரம்மா அதைப் பார்த்தாள். மறைக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். அங்கே எதிரே வெறும் சுவர்தான்.

எல்லோரும் முடித்த பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து, பெரிது பெரிதாக, தமிழில். சத்தமாகப் படிக்கலாமா என்று கேரன் இந்த முறை மெதுவாகக் கேட்டாள். வீரம்மா தலையாட்டினாள். கேரன் படித்தாள்.

"மலாய் எழுத்துப் படிக்கணும்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "இது யாரப் பாத்து எழுதுனதுக்கா?" என்றான் விக்னேஸ்வரன்.

"யாரையும் பாக்கலப்பா," என்றாள் வீரம்மா. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். புஷ்பலதா தாளின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.