முதல் பேஸில் மட்டையைக் கையளித்தவன்

தொண்ணூறுகளின் நடுவில் என் அக்கா மகன் கடல் கடந்து வந்து மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தான். ஓய்வு நேரத்தில் பேஸ்பால் ஆடினான். எங்கள் ஆட்களில் அதுவரை எவரும் செய்யாத ஒன்றுக்கு ஆசைப்பட்டான்: விளையாடிச் சம்பளம் வாங்குவது. ஆஸ்திரேலியக் குழு ஒன்றின் பயிற்சியாளர் ஆள் தேடி வந்திருந்தார். அந்தச் சனிக்கிழமை நடக்கும் தேர்வு ஆட்டத்தில் தேறினால் ஒப்பந்தம். தேறாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் கோழி.

நான் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தன். விதி தெரியாமல் வேடிக்கைகூடப் பார்க்க மாட்டேன். நூலகத்தில் பேஸ்பால் விதிப்புத்தகத்தை எடுத்து முழுவதும் படித்துவிட்டுத்தான் போனேன். மைதானத்தில் வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

முதல் பந்தையே பலமாக அடித்தான். பேஸ்பாலில் அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓடுவான். இவன் மட்டையோடு ஓடினான். ஊரில் இவனும் கூட்டாளிகளும் கிரிக்கெட் ஆடிய ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், இருந்தது ஒரே மட்டை. ஓடும்போது எதிரே வருபவனிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸைக் காத்து நின்ற, எதிரணியின் பெரிய சமோவா இளைஞனிடம் மட்டையை நீட்டினான். அவனும் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் பிடிக்க வேண்டுமென்று அவனுடைய அணியினர் எறிந்த பந்து அவன் தோளைத் தாண்டிப் போய்ப் பயிற்சியாளரின் காப்பியைக் கவிழ்த்தது.

நடுவர் அவுட் கொடுத்தார். நான் புத்தகத்தோடு இறங்கினேன்.

"மாமா, வராதேங்கோ! கும்பிட்டுக் கேக்கிறன்!"

"நீ சும்மா இரடா. மட்டையைக் குடுக்கக் கூடாதெண்டு இதிலை எங்கை கிடக்கு?"

தீர்ப்புக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி நடுவரைக் கேட்டேன். எந்தக் கழகத்தின் சார்பில் கேட்கிறீர்கள் என்றார். பொதுமக்கள் சார்பில் என்றேன். இரண்டு பேர் என்னை மிகுந்த மரியாதையுடன் வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

மருமகனின் முகத்தைப் பார்த்த பயிற்சியாளர், இன்னும் ஒரு பந்து போடச் சொன்னார். அவன் அடித்த அடியில் அது என் தலைக்கு மேலால் பறந்து கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. மட்டையோடுதான் சுற்றி வந்தான். ஒவ்வொரு பேஸிலும் நின்றவனுக்கு நீட்டினான். எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

பயிற்சியாளர் அவனை அங்கேயே எடுத்துக்கொண்டார். மட்டையைக் கீழே போடப் பழக்கிவிடலாம் என்றார். ஒரே நிபந்தனை, மாமா இனி எந்த மைதானத்துக்கும் வரக் கூடாது. இதற்கு எதிராக என்னிடம் வலுவான நியாயங்கள் இருந்தன. வேலியைச் சுற்றி நான் உள்ளே வருவதற்குள் மருமகன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"குறை நினையாதேங்கோ மாமா. அவர் கேட்டதுக்கு நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."