அம்மா வாங்கிய கேம்ப் பாத்திரங்கள்

போன மாதம் என் பேரன் ஊட்டியில் ஒரு சட்டி வாங்கினான். மலையேறிக் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கான சட்டி. டைட்டானியமாம். கையில் எடுத்தால் அப்பளத்தை எடுத்தது போல இருந்தது. விலை மட்டும் வெண்கல உருளிக்குக் குறையவில்லை. கடைக்காரப் பையன் ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் வைத்து எடை காட்டினான். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், ஆனால் நசுங்கும். எவர்சில்வர் உழைக்கும், ஆனால் கனக்கும். டைட்டானியம் கனக்காது, ஆனால் சோறு அடிப்பிடிக்கும். பேரன் கைப்பேசியில் வந்த விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். நாற்காலி முதல் ஃபினாயில் வரை எதை வாங்க என்னென்ன படிகள், எந்தப் படியில் யார் கையெழுத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விலைப்புள்ளி கேட்போம், மாதிரி வரவழைப்போம், ஒப்பீட்டு அட்டவணை போடுவோம். அந்தப் பொருளை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதை மட்டும் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை. எழுதச் சொல்லி விதியும் இல்லை.

நான் கலந்துகொண்ட முதல் கொள்முதல், நான்காம் வகுப்பு படிக்கும்போது கோத்தகிரி கடைவீதியில் நடந்தது. அதுவும் கேம்புக்கான பாத்திரம்தான்.

அப்போது நாங்கள் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். தம்பிக்கு இன்னும் பள்ளிக்கூட வயதாகவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவுக்கு வயிற்றில் வலி. எஸ்டேட் டிஸ்பென்சரியில் ரோஸ் நிற மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களிடம் அந்த ஒரு நிறம்தான் இருந்தது. கடைசியில் குன்னூர் டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கட்டி, உடனே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஆபரேஷன் செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறார். தேயிலை மும்முரமாக வரும் நேரம் என்பதால் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவைக் கூட்டிப் போக மாமா வந்தார்.

இதெல்லாம் வளர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தவை. அம்மா அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு: அம்மா மாமாவோடு கேம்புக்குப் போகிறாள்.

நம்பக்கூடிய பொய்தான். மாமா அணைக்கட்டு வேலைக்காகக் காடு அளக்கிறவர்களோடு எமரால்டுப் பக்கம் கூடாரத்தில் தங்கி, அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். அடுப்பு, அரிசி, பாத்திரம் எல்லாம் அவர் முதுகில்தான் மலை ஏறும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் சாக்குப் பையைப் பிரித்துக் காட்டுவார். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ஈயப்போசிகள். அலுமினியத்தை எங்கள் பக்கம் ஈயம் என்றும், சமைக்கும் பாத்திரத்தைப் போசி என்றும்தான் சொல்வோம். மேல் மூடியைக் கவிழ்த்தால் சாப்பிடும் வட்டல். எதிலும் பிடி கிடையாது, காது கிடையாது. தூக்குவதற்கு ஓர் இடுக்கி மட்டும்.

"காது வெச்ச போசியக் கேம்புக்குத் தூக்கிட்டு வர்றவன் புத்தி கெட்டவன், அம்மிணி," என்பார் மாமா. "ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவாது. நடக்கறப்ப முதுகைக் குத்தும். அப்புறம், வெறும் போசியத் தூக்கிப் பாத்துட்டு லேசா இருக்குதுன்னு வாங்கறவன் அதைவிடப் புத்தி கெட்டவன். அரிசியும் தண்ணியும் ஊத்தித் தூக்கிப் பாக்கோணும்."

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். எனவே அம்மா, "கேம்புக்குப் போசி வாங்கோணும், நீயும் கூட வா சாமி," என்றபோது, தகுதி அடிப்படையில்தான் என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

மாமாவும் கூட வர, தூறலில் பஸ் ஏறிப் போனோம். கடைவீதி முழுக்க மூடுபனி. பாத்திரக்கடையில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. அம்மா கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கடைகளில் அவள் அதற்கு முன் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"ஏனுங்க, எத்தன பேருக்குங்க ஆக்கோணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மூணு பேருக்குங்க," என்றாள் அம்மா.

அம்மா, மாமா, மூன்றாவது ஆள் யாராவது காடு அளக்கும் அதிகாரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் ஈயப்போசிகளை வரிசையாக இறக்கினார். நான் மாமாவின் விதிப்படி காதில்லாத ஜோடி ஒன்றை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துக் காட்டினேன். அம்மா அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த, இரண்டு பக்கமும் பெரிய காது வைத்த அகலமான போசியைக் காட்டினாள்.

"இதுல தண்ணி ஊத்தித் தூக்கிப் பாரு."

கடைக்காரர் சிரித்தார். "புள்ளைய எதுக்குங்க தூக்கச் சொல்றீங்க? நீங்க தூக்கிப் பாருங்க."

"அவ தூக்கிட்டா எனக்குப் போதுமுங்க."

வாசலில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். நான் இரண்டு கையாலும் தூக்கினேன். அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். பிறகு சாய்த்து வடிக்கச் சொன்னாள். கை தாங்கவில்லை, தண்ணீர் பாவாடையில் கொட்டியது. "இது வேண்டாமுங்க, இதுக்கு அடுத்த சின்னது குடுங்க." அதையும் தூக்கினேன். அதுவும் வேண்டாம். மூன்றாவதை நான் சிந்தாமல் சாய்த்து வடித்தபோது, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், ஏதோ அளவு எடுப்பது போல.

மாமா பொறுக்க முடியாமல் சொன்னார், "ஏனக்கா, காது வெச்சதையே எடுக்கறியே? இடுக்கி ஒண்ணு வாங்குனாப் போச்சு. பழகிக்கும்."

"இடுக்கி வேண்டாம்டா. நழுவுச்சுன்னா கஞ்சி மேல கொட்டிரும்."

"முதுகைக் குத்தும்மா," என்றேன் நான், மாமாவின் கட்சியில் சேர்ந்து.

"குத்துனாக் குத்தட்டும். காது இருக்கோணும்."

வாய் ஓயாத மாமா கடை வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றார். தன் தொழில் ஞானத்தை அம்மா மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார் போல என நினைத்தேன். அவர் பக்கம்தான் நியாயம் என்றும் பட்டது. அம்மா பொறுக்கியவை எல்லாம் கேம்புக்கு ஆகாதவை: காது வைத்த போசி, ஒன்றுக்குள் ஒன்று போகாத குழம்புச் சட்டி, நீளப் பிடி போட்ட ஒரு பால் சட்டி. பால் சட்டி! காட்டில் எந்தப் பசு இவர்களுக்காகக் காத்திருக்கிறது?

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அம்மா புதுப் போசியில் சோறு வைக்கச் சொன்னாள். கேம்பில் தான் செய்வதற்கு முன் நான் ஒருமுறை செய்து காட்ட வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டு, விறகைத் தள்ளு, இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சோறு அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. "பரவால்ல," என்றாள். இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா அதைச் சாப்பிட்டார். வட்டலைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அதுவும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அம்மாவும் மாமாவும் புறப்பட்டார்கள். ஒரு துணிப்பை, ஒரு போர்வை, அவ்வளவுதான். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் தேயிலைச் சரிவில் இறங்கி மூடுபனிக்குள் மறைந்த பிறகுதான் அலமாரியைப் பார்த்தேன். புதுப் பாத்திரங்கள் மூன்றும் அப்படியே இருந்தன.

மறந்துவிட்டாள்! மூன்றையும் வாரிக்கொண்டு ஓடினேன். ஒன்றோடு ஒன்று மோதி லயமே விழித்துக்கொள்ளும் சத்தம். கோணிச் சாக்குப் போர்த்தியபடி கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி கேட்டாள், "ஏம்புள்ள, காலங்காத்தால கல்யாண ஊட்டுக்கு ஆக்கப் போறியா?"

பஸ் புறப்படத் தயாராக நின்றது. அம்மா ஜன்னலோரம் இருந்தாள். நான் எட்டி எட்டிப் பாத்திரங்களைக் கொடுக்கப் பார்த்தேன். அவள் வாங்கவில்லை.

"அது ஊட்டுலயே இருக்கட்டும், சாமி. காதைத் துணியில புடிச்சுத்தான் எறக்கோணும், கேட்டியா? தம்பிக்குப் பாலை ஆத்திக் குடு."

மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பியது.

எரிச்சலோடு வீட்டுக்கு ஏறினேன். கடையில் தண்ணீர் தூக்கித் தூக்கி என் கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிவிட்டு வெறுங்கையோடு கேம்புக்குப் போகிறவர்களை என்ன சொல்வது? அழுதுகொண்டே எழுந்த தம்பியிடம் நிலைமையை விளக்கினேன். அம்மா போசி எடுத்துக்கொண்டு போகவில்லை. போசி இல்லாமல் கேம்பில் சமைக்க முடியாது. சமைக்காமல் ஒருவரும் அங்கே அதிக நாள் தங்க முடியாது. ஆகவே அம்மா சீக்கிரமே திரும்பி வந்துவிடுவாள் என்று உறுதியாகச் சொன்னேன். அவனும் அழுகையை நிறுத்தினான்.