ரசீன் ஊர் கஸ்ஸும் ஆர்லீனும்

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் எங்கள் கூட்டத்தில் ஆர்லீன் ஸிமான்ஸ்கி கொஞ்சம் தனி ரகம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் நாங்கள் எல்லோரும் காபிக்காக உள்ளே ஓடுவோம். அவள் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்து, விக் டெலூக்கா நடத்தும் ரேடியோ விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போடுவாள். உள்ளே எங்கள் ரேடியோவில் அவள் குரல் வரும். ஒலிபரப்பு சில நொடி பிந்தும் என்பதால், ஜன்னலுக்கு வெளியே அவள் கை முதலில் ஆடும். கோபம் அப்புறம்தான் எங்களை வந்து சேரும்.

அந்தப் பிப்ரவரியில் ஊரில் ஒரே பேச்சுதான். எங்கள் கூடைப்பந்து அணி, வயதாகிக்கொண்டிருந்த நெட்டை ஆட்டக்காரன் டெரல் விக்ஸைக் கொடுத்துவிட்டு, வேறொரு அணியிலிருந்து கோரி லாமார் என்ற இளைஞனை வாங்கப்போகிறது என்று பத்திரிகையில் வந்திருந்தது. ஆள் மாற்றுவதற்கான கெடு அடுத்த வாரம் வியாழக்கிழமை முடிகிறது. லாமார் எங்கிருந்து எறிந்தாலும் பந்து கூடைக்குள் விழும். ஆனால் எதிராளி பந்தோடு வந்தால் வழிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பான். விக்ஸ் அதற்கு நேர்மாறு. கூடைக்கடியில் அவன் நின்றால் சுவர் நின்ற மாதிரி. அந்தச் சுவரை ஓடச் சொன்னால்தான் கஷ்டம்.

ஆர்லீன் விக்ஸின் கட்சி. "அவனை அனுப்பிட்டு அந்தப் பையனைக் கொண்டுவந்தா நாம நூத்தியிருபது பாயின்ட் போடுவோம், அவங்க நூத்தி முப்பது போடுவாங்க," என்று ரேடியோக்காரன் விக்கிடம் சொன்னாள். "கூரையைப் பிரிச்சு வித்துட்டு ஜன்னலுக்குத் திரை வாங்குற கதை இது."

மறுநாளே அவளுக்கு ஓர் எதிரி முளைத்தான். பக்கத்து ரசீன் ஊரிலிருந்து பேசுவதாகச் சொன்னான், பேர் கஸ். போனில் துணியைச் சுற்றிப் பேசுவதுபோல் கரகரத்த குரல், நிதானமான பேச்சு. நேற்றுப் பேசிய அம்மா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். விக்ஸுக்கு முதுகு போய்விட்டது, இன்னும் ஒரு வருஷம் போனால் அவனுக்குப் பதிலாக ஒருத்தனும் கிடைக்கமாட்டான், விலை இருக்கும்போதே கொடுத்துவிடுவதுதான் புத்தி என்றான். அந்த வாரம் முழுக்க இதுவே நடந்தது. அவள் ஒன்று சொல்வாள், மறுநாள் அவன் மறுப்பான். நடுவில் விக் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். கொட்டகையில் இரண்டு கட்சி உண்டாயிற்று. ஆர்லீனே ஒருநாள் காபி ஆற்றிக்கொண்டு, "முட்டாள்தான், ஆனா மரியாதை தெரிஞ்ச முட்டாள். எங்க வீட்டுல இருக்கறதும் இருக்கே," என்றாள்.

வீட்டில் இருந்தது அவள் கணவர் நார்பர்ட். தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் கூடைப்பந்து பற்றி அவர் வாய் திறந்தால் ஆர்லீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கஸ் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடிப்போயிற்று. "அந்த அம்மா இப்ப விக்ஸுக்காக உருகுறாங்க. போன மே மாசம் தடுக்க ஆளில்லாத ரெண்டு ஃப்ரீ த்ரோவை அவன் கோட்டை விட்டப்போ, கழுதைன்னு திட்டி டிவி மேல செருப்பைத் தூக்கி எறிஞ்சது யாரு?" என்றான்.

விக் உடனே, "கஸ், செருப்பு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

போன் வைக்கும் ஓசை கேட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆர்லீன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவளே எங்களுக்குச் சொன்னாள். நார்பர்ட் அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாராம். எதற்காக இப்படித் திருட்டுப் பேரில் பேசினாய் என்று கேட்டிருக்கிறாள். அவர் கத்தியைக் கீழே வைக்காமலே, "அந்த விக் ரெண்டு நிமிஷம் குறுக்க பேசாம கேக்கறான். இந்த வீட்டுல எனக்கு அது கிடைக்குமா?" என்றிருக்கிறார்.

ஆர்லீனுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கஸ் எவ்வளவு பதவிசாப் பேசறான். நீ ஏன் என்கிட்ட ஒருநாளும் அப்படிப் பேசினதில்ல?" என்று திருப்பிக் கேட்டாளாம். அவர் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாராம்.

மறுநாள் ஆர்லீன் போனில் எல்லாவற்றையும் சொன்னதும் விக் இதை விடுவானா? வியாழக்கிழமை காலை இருவரும் ரேடியோ நிலையத்துக்கு வந்து நேரிலேயே வாதாட வேண்டும் என்று அழைத்துவிட்டான். முழங்கால் வலியோடு நார்பர்ட்டால் பனியில் வண்டி ஓட்ட முடியாது. ஆர்லீனோ ஓட்ட மறுத்தாள். நான்தான் என் காரில் கூட்டிப்போனேன். பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நிகழ்ச்சி தொடங்கியதும் விக் ஆர்லீனை முதலில் பேசச் சொன்னான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் யோசிச்சுப் பார்த்தேன். விக்ஸோட முதுகு போயிடுச்சு. லாமாரை வாங்கறதுதான் சரி," என்றாள்.

நார்பர்ட் அவளையே பார்த்தார். "நானும் யோசிச்சேன்," என்றார் மெதுவாக. "நீ சொன்னதுதான் சரி. கூடைக்கடியில ஆள் இல்லாம இந்த அணி எங்கேயும் போகாது. விக்ஸைக் கொடுக்கக் கூடாது."

"ஒரு வாரமா கொடுக்கணும்னு கத்துனியே?"

"நீ கூடாதுன்னு கத்துன, நான் கேட்டேன். இப்பக் கேட்டதும் தப்பா?"

அவ்வளவுதான், கட்சி மாறி இருவரும் மறுபடி மோதிக்கொண்டார்கள். அவர் சொன்ன வாதத்தை அவரைவிட நன்றாக அவள் சொன்னாள். அவளுடைய கூரையையும் திரையையும் அவர் எடுத்துக்கொண்டார். அது என் கூரை என்று அவள் உரிமை கொண்டாடினாள். விக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உதவியாளர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். விக் அதை இரண்டு தரம் படித்தான்.

விக்ஸைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் லாமாருக்காக அல்ல. யாருமே நினைக்காத ஓர் அணிக்கு அனுப்பிவிட்டு, பேர் கேள்விப்படாத இரண்டு பையன்களை வாங்கியிருந்தார்கள்.

"யாரு அவங்க?" என்று ஆர்லீன் கணவரிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? அவங்களைப் பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா சரி," என்றார் நார்பர்ட்.

மீதி நேரம் இருவரும் ஒரே கட்சியாக அணி நிர்வாகத்தைக் கிழித்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். திரும்பும் வழியில், வெளியே எலும்பு நடுங்கும் குளிரில், கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தச் சொன்னார்கள். அங்கேயும் திட்டு ஓயவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நார்பர்ட் சொந்தப் பேரிலேயே விக்குக்குப் போன் செய்கிறார். வீட்டிலும் ஆர்லீன் தட்டுகளை உடனே எடுப்பதில்லை. அவர் முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள்.

அந்த வருஷம் எங்கள் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. விக்ஸ் போன அணியும் தோற்றது. லாமார் மார்ச் மாதம் கணுக்காலை முறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வந்த இரண்டு பையன்களில் ஒருவன் ஆடவே இல்லை, மற்றவன் பரவாயில்லை. கடைசியில் உங்கள் இருவரில் யார் சொன்னதுதான் சரி என்று நார்பர்ட்டிடம் ஒருநாள் கேட்டேன்.

"அது அடுத்த வருஷம்தான் தெரியும்," என்றார்.