நாளைய மூன்று இட்லிகள்

எங்கள் வீட்டில் காலையில் சொல்லும், இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம் ஒரே ஒரு வரியில் இடறும். நான் புராட்டஸ்டன்ட் வீட்டில் வளர்ந்தவன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்பேன். மனைவி சாந்தோம் கத்தோலிக்கக் குடும்பம். "அன்றாட உணவை" என்று சட்டென்று முடித்துவிட்டு, இட்லிப் பானையின் மூடியில் கை வைத்தபடி எனக்காகக் காத்திருப்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். ஆமென் சொல்லாமல் தட்டைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

சர்க்கரை ஏறியதிலிருந்து எனக்குக் காலையில் மூன்று இட்லி. டாக்டர் எண்ணிக்கையைச் சொன்னாரே தவிர அளவைச் சொல்லவில்லை. மனைவி மறுநாளே சின்னக் குழி வைத்த இட்லித் தட்டு வாங்கிவிட்டாள். மற்ற நாட்களில் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஞாயிறு வைத்த வஞ்சிரக் குழம்பு, திங்கள் காலையில் புளியும் காரமும் ஊறி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது மூன்று எந்த மூலைக்கு?

எனக்கு 'வேண்டிய' ஆகாரம் எவ்வளவு என்று மூலமொழியையே கேட்டுவிடலாம் என்று கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனேன். ஏசி குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு தடிப் புத்தகங்களாக நான்கு புரட்டினேன். அந்த இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் எபியூசியோஸ். மத்தேயுவும் லூக்காவும் தரும் இந்த ஜெபத்தைவிட்டால், பழைய கிரேக்கத்தில் வேறெங்கும் அதை உறுதியாகக் காட்ட முடியவில்லையாம். அதனால் பொருளில் ஓயாத தகராறு. அன்றைக்கு உரியது என்கிறார்கள் சிலர். உயிர் வாழத் தேவையானது என்கிறார்கள் சிலர். இந்த உலகத்து உணவே அல்ல என்றும் ஒரு கட்சி. நான்காவது விளக்கம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வரப்போகும் நாளுக்கு உரியது. அதாவது, நாளைய உணவை இன்றே தாரும்.

திங்கள் காலை ஜெபம் முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நாளைக்கு உள்ள மூணையும் இப்பவே கேக்குறீங்க?"

"நான் கேட்கவில்லை. ஜெபம் கேட்கிறது."

"நாளைக்கு இன்னா துன்னுவீங்க?"

"அதற்கு மறுநாள் உள்ளதை."

பானையின் மூடியை மறுபடி திறந்தாள். "கிரேக்கத்துல போட்டிருந்தா நான் இன்னா பண்றது," என்று இன்னும் மூன்றை வைத்தாள். ஆறு இட்லி. வஞ்சிரத்தில் நடுத்துண்டு. பல வருடங்களுக்குப் பிறகு என் ஜெபம் முழுதாகக் கேட்கப்பட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய் காலை ஜெபம் சொன்னோம், வழக்கம்போல் இடறினோம், ஆமென். என் முன்னால் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி வந்தது.

"இட்லி?"

"நேத்தே துன்னுட்டீங்களே."

"நாளைக்கு உள்ளதைக் கொடு."

அவள் அடுப்படியிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்து வந்து என் எதிரில் வைத்துத் திறந்தாள். "இதான் நாளைக்கு உள்ளது. இப்பத்தான் அரைச்சேன், இன்னும் பொங்கல. வேணும்னா ஒரு கரண்டி ஊத்தட்டுமா?"

மாவு அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எத்தனை வியாக்கியானம் படித்திருந்தாலும், உளுந்து புளிக்க ஒரு ராத்திரி வேண்டும்.

அவள் தட்டில் மூன்று இட்லி இருந்தது. பழைய மாவின் கடைசி ஈடு. சட்டியில் மிச்சமிருந்த குழம்பை, வாலுத்துண்டோடு, அதன்மேல் வழித்து ஊற்றிக்கொண்டாள்.

"அது?"

"இது என் பங்கு. எங்க சபையில அன்னன்னிக்கு உள்ளதை அன்னன்னிக்குத்தான் கேப்போம்."

கஞ்சியில் உப்பும் இல்லை. பிரஷர் இருப்பதால் உப்பு எனக்கு வேறு கணக்கு.

புதன் காலை மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. குழம்புதான் இல்லை, தேங்காய்ச் சட்னி. ஜெபத்தில் அந்த வரி வந்தபோது நான் வீம்பு பார்க்காமல் "அன்றாட உணவை" என்றேன். எனக்காக விட்டுக்கொடுத்து அவளும் அதே நேரத்தில் "வேண்டிய ஆகாரத்தை" என்று இழுத்தாள். இந்த முறை மூடியில் கை வைத்துக் காத்திருந்தவன் நான்.

மூடி நன்றாகச் சுட்டது.