டொக்டர் நீட்டிய தாள்

இன்று காலை மெல்பேர்னின் நோபிள் பார்க் பகுதியில் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். ஒரு கதிரையும் காலியில்லை.

பக்கத்தில் இருந்த தம்பி அலுத்துக்கொண்டார். "எல்லாம் சும்மா எண்டபடியாத்தான் அன்ரி இவ்வளவு சனம். காசு வாங்கினா பாதிப்பேர் வரமாட்டினம்."

"ஓம் தம்பி, வரமாட்டினம்" என்றேன்.

எழுபத்து நான்கில் இதே மெல்பேர்னில், அரசாங்கமே எல்லோருடைய வைத்தியச் செலவையும் ஏற்கும் திட்டம் வேண்டாம் என்று எழுதிய தாளொன்றை எங்கள் டொக்டர் நீட்டினார். காப்புறுதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்தத் திட்டம்.

"டொக்டர் கேக்கேக்க மாட்டன் எண்டு சொல்லலாமோ?" என்று என் கணவர் கையெழுத்திட்டார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் வகுப்பில் கண்டிக்கிற நான், அவரைப் பார்த்து அதற்குக் கீழே கையெழுத்திட்டேன்.

எங்கள் கையெழுத்தையும் மீறித் திட்டம் வருவது உறுதியானது. அந்த மாதங்களில் என் கணவருக்கு நெஞ்சுநோ வந்து வந்து போனது.

"அந்தத் திட்டத்தின்ர கார்ட் வரட்டுமப்பா, பிறகு காசில்லாம டொக்டரிட்டப் போவம்" என்றார்.

அவருடைய முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை அட்டை தபாலில் வந்தது. முதலில் அவருடைய பெயர், அதற்குக் கீழே என்னுடையது.

இதை அந்தத் தம்பிக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "போட்டு வாறன் அன்ரி" என்று அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் இருந்தால், அன்ரி கோபிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பழைய தாளில் என் கையெழுத்தும் தம்பியின் பக்கம்தான் கிடக்கிறது.