விமானத்துக்கு நான் வைத்த பொட்டு

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாகூர் அரிசி மில்லில் நான் இன்ஜின் டிரைவர். ஏரி காய்ந்து கிடந்த ஒரு வருஷம், இன்ஜின் கோளாறாகி ஒரு துரை தன் சின்ன விமானத்தை ஏரிக்குள் இறக்கிவிட்டார். இரண்டு நாள் ரிப்பேர், நான்தான் கையாள். இன்ஜினைவிட எனக்குப் பிடித்தது அவர் இருக்கைக்கு முன்னால் இருந்த பலகை. உயரத்துக்கு ஒரு முள், வேகத்துக்கு ஒரு முள். மேகத்துக்குள் கண் ஏமாற்றும், முள்தான் துணை என்று துரை சொன்னதைக் கொம்யூன் ஆபீஸ் குமாஸ்தா எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

இன்ஜின் சரியான அன்று ஆயுத பூஜை. துரை சாப்பிடப் போயிருந்தார். மில் இன்ஜினுக்குப் படைத்த கையோடு விமானத்துக்கும் பொட்டு வைத்துப் படைத்தேன். இறக்கையிலிருந்து விரல் கனத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. இதுதான் விமானத்துக்கு மூக்கு போல என்று அதன் நுனியில் சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். துரை வந்து, பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

ஏரியில் ஓட்டிப் பார்த்தால் வேகமுள் அசையவே இல்லை. கிழக்கே வானம் கருத்திருந்தது. மழை பிடித்தால் ஏரி நிரம்பும், விமானம் அதோகதி. முள் இல்லாமலே கிளம்புகிறேன் என்றார் துரை. அந்த முள்ளுக்கு வேகம் எப்படித் தெரியும் என்று குமாஸ்தாவைக் கேட்கச் சொன்னேன். துரை இறக்கைக் குழாயைக் காட்டினார். அதற்குள் காற்று புகுந்தால்தான் முள் ஏறுமாம். நான் சந்தனம் அப்பிய அதே குழாய்.

குமாஸ்தாவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன்.

"வாய மூடிக்கினு இருப்பா. தெரிஞ்சா உன்னப் புடிச்சி உள்ள போட்டுடுவாங்க."

பயம்தான். மூன்று பிள்ளைகள் எனக்கு. ஆனால் வேகம் தெரியாமல் மேலே போய் அந்த மனுஷன் விழுந்தால் எனக்குச் சோறு இறங்குமா?

"சொல்லிடுங்கய்யா. அடச்சது நாந்தான்."

குமாஸ்தா சொன்னதும் துரை என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பலகைக்குப் பின்னால் குழாய் முனையைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். தம் பிடித்து ஊதினேன். இறக்கைப் பக்கம் சந்தனக் கட்டி தெறித்து விழுந்தது. மறுபடி ஓட்டினார், முள் ஏறியது. தூறல் போடத் தொடங்கும்போது கிளம்ப இருந்தவர் ஏதோ சொன்னார். குமாஸ்தா சிரித்துக்கொண்டே மாற்றிச் சொன்னார்.

"பூஜ பண்ணு, வேணாங்கல. மூச்சு வுடற எடத்த வுட்டுட்டுப் பண்ணுன்றாரு."

தம்பிகளா, அதற்கப்புறம் மில்லில் கேஜ் முள் நின்றால் நான் உடனே ஸ்பேனரை எடுத்ததில்லை. கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று கேட்பேன். கேட்கும்போதே என் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.